இல்லாமைக்கு நாற்பது மதிப்பெண்

ஒரு விடுகதை போடுகிறேன், தம்பி. பேருந்து புளியங்குடி போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை. நான் போவதற்கு முன்னால் வெறும் வீடு. நான் உட்கார்ந்திருக்கும்போது நிறைந்த வீடு. நான் கிளம்பிய பிறகு மறுபடியும் வெறும் வீடு. அது என்ன வீடு?

கல்யாண வீடா? எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். இல்லை. சரி, விடையை நான் சொல்லவே வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், காகிதம் பறக்கிறது.

இந்தக் காகிதங்கள்தான் இப்போது என் வேலை. சம்பளம் கிடையாது, பேருந்துச் செலவு மட்டும் கொடுப்பார்கள். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம், சொன்னால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே படித்தவர்கள் இல்லாத ஆபீஸ் கிடையாது. வருஷத்துக்கு மூவாயிரம் பிள்ளைகள் விண்ணப்பம் போடுகிறார்கள். அதில் பன்னிரண்டு இடம் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். படிப்பு, விடுதி, சாப்பாடு, துணிமணி, எல்லாம் இலவசம். அந்தப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று கேளுங்கள். நுழைவுத் தேர்வுக்கு அறுபது மதிப்பெண். வீட்டுக்கு நாற்பது. ஆமாம், வீட்டுக்குத்தான். வீட்டில் என்னென்ன இல்லை என்று பார்த்து நாற்பதுக்கு மதிப்பெண் போட வேண்டும். ஒன்றுமே இல்லாவிட்டால் நாற்பது. ஒவ்வொரு பொருள் இருக்க இருக்க, கழித்துக்கொண்டே வர வேண்டும். கழிப்பவன் நான்.

ஏன் என்னைப் போட்டார்கள் தெரியுமா? நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்தவன். முப்பத்தொரு வருஷம் வீடுவீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதினேன். அந்த முப்பத்தொரு வருஷத்தில் என் கையால் எழுதிய கணக்கில் ஒரு திருத்தம் கிடையாது. ஒன்றுகூடக் கிடையாது. மீட்டர் என்ன காட்டுகிறதோ அதுதான். மீட்டருக்குப் பின்னால் யார் அழுகிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தால் கணக்கு எழுத முடியாது, தம்பி.

இந்த வேலையிலும் ஜனங்கள் பலே ஆட்கள். ஆய்வுக்கு ஆள் வருகிறது என்று தெரிந்தால் டி.வி.யைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். நான் போனதும் சுவரைப் பார்ப்பேன். ஆணி இருக்கும், ஆணிக்குக் கீழே சதுரமாக ஓர் இடம் மட்டும் அழுக்குப் படாமல் இருக்கும். ஃப்ரிட்ஜை ஒளித்தவன் வீட்டில் தரையில் நாலு துருப்பிடித்த வட்டம் இருக்கும். ஒரு வீட்டில் மோட்டார் சைக்கிளை வைக்கோல் படப்புக்குள்ளே சொருகி வைத்திருந்தார்கள். "வைக்கோல் எதுக்குய்யா, உங்க வீட்ல மாடே இல்லையே?" என்று கேட்டேன்.

ஆக, ஒளித்து வைப்பதைக் கண்டுபிடிக்க என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இது உங்களுக்கு நினைவிருக்கட்டும்.

போன வருஷம் இதே வைகாசி மாதம். கடையநல்லூர் தாண்டி வடக்குமேடு என்று ஒரு சின்ன ஊர். பெண் பெயர் உலகேஸ்வரி. அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். நுழைவுத் தேர்வில் அறுபதுக்கு ஐம்பத்து நான்கு. மூவாயிரம் பேரில் மூன்றாவது ஆள்! நான் பேருந்திலேயே கணக்குப் போட்டுவிட்டேன். அப்பா சுடலைக்கண்ணு, செங்கல் சூளையில் சுமை தூக்குகிறவர். அம்மா ஆவுடையம்மாள், பீடி சுற்றுகிறவர். நிலம் கிடையாது. தகரக் கூரை, அதற்கு இரண்டு கழிக்க வேண்டும், ஓலைக் கூரை என்றால் கழிக்க வேண்டாம். மீதி முப்பத்தெட்டு. ஐம்பத்து நான்கும் முப்பத்தெட்டும் தொண்ணூற்றிரண்டு. பெண் உள்ளே போய்விட்டாள் என்றே நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நம்புங்கள்.

தெருமுனையிலேயே சுடலைக்கண்ணு நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. "வாங்க சார், வாங்க. வெயில்ல வந்திருக்கிய" என்று என் பையை வாங்கிக்கொண்டார். வாசலில் பெரிய கோலம். உள்ளே போனால், தம்பி, ஆறு நாற்காலி. நிற்கிற மின்விசிறி ஒன்று சுழன்றுகொண்டிருக்கிறது. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது கிடையாது, அதென்றால் எனக்கு அடையாளம் தெரியும், அதைக் கணக்கில் சேர்க்கவும் மாட்டோம். இது நல்ல கம்பெனி. ஒரு பெட்டியின் மேல் பூப்போட்ட துணி விரித்து அதன் மேல் டி.வி. தட்டில் ஆப்பிள். ஆமாம், ஆப்பிள், நறுக்கி வைத்திருக்கிறது.

"காப்பி குடிக்கியளா, கலர் குடிக்கியளா சார்?" என்று அந்த அம்மா கேட்டார். தேர்ந்தெடுக்கச் சொல்கிற அளவுக்கு இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் மேலோட்டமாகப் பார்க்கிற ஆள் கிடையாது. நாற்காலிகளைத் தனித்தனியாகப் பார்த்தேன். இரண்டு சிவப்பு, ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை, ஒன்று கை வைக்காதது. ஒரே தடவையில் வாங்கியதில்லை, வசதி வர வர ஒவ்வொன்றாக வாங்கியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். காப்பி டம்ளரில் பெயர் வெட்டியிருந்தது. 'வே. மரகதம்.' ஆப்பிள் தட்டைத் திருப்பிப் பார்த்தேன். 'பா. சண்முகவடிவு.' தண்ணீர்ச் செம்பில் 'இரா. கோமு.' சீர் செய்கிற சொந்தக்காரர்கள் நிறைய இருக்கிற வீடு என்று குறித்துக்கொண்டேன். வேறு எந்த ஆய்வாளராவது டம்ளரில் பெயர் படிப்பானா, சொல்லுங்கள்.

பெண் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். பள்ளிச் சீருடைதான். நான் கேட்டேன், "டி.வி. பாப்பியாம்மா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு, "பாப்பேன் சார்" என்றாள்.

"என்ன பாப்பே?"

மறுபடியும் அப்பாவைப் பார்த்தாள். அப்புறம், "செய்தி" என்றாள்.

"போடு, பாப்போம்."

சுடலைக்கண்ணு குறுக்கே வந்தார். "கேபிள்காரன் இன்னும் வரல சார். நாளைக்கு வாரேன்னு சொல்லியிருக்கான்."

சரி, கேபிள்காரர்கள் எல்லா ஊரிலும் அப்படித்தான். நான் கடைசிக் கேள்விக்கு வந்தேன். எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி அது. "பொண்ணைப் படிக்க வைக்க உங்களால முடியுமா?"

மற்ற வீடுகளில் இந்தக் கேள்விக்குக் கண்ணைக் கசக்குவார்கள். காலில் விழுந்தவர்கள்கூட உண்டு. இந்த மனிதர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதெல்லாம் ஒரு குறையும் வைக்காம பாத்துக்கிடுவோம் சார். நாங்க ஒண்ணும் ஏப்ப சாப்பயான குடும்பம் இல்ல. உங்க காலேசுக்கு எம்பிள்ளையால ஒரு கொறச்சலும் வராது."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கூச்ச சுபாவம்.

நான் கழித்தேன். டி.வி.க்கு நாலு. மின்விசிறிக்கு மூன்று. நாற்காலிக்கு இரண்டு. சாப்பாட்டு வசதிக்கு இரண்டு, ஆப்பிளுக்காக. முப்பத்தெட்டில் பதினொன்று போக இருபத்தேழு. மொத்தம் எண்பத்தொன்று. கையெழுத்துப் போட்டு உறையில் வைத்து ஒட்டினேன். தெரு முழுக்க ஜனங்கள் வாசலில் நின்று என்னைப் பார்த்தார்கள். ஓர் அம்மா, "சார் மொகத்தப் பாத்தா நல்லபடியாத்தான் முடிஞ்சிருக்கு" என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது.

பன்னிரண்டாவது ஆள் வாங்கியது எண்பத்து மூன்று. பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு மதிப்பெண்.

பட்டியல் வந்த மறுநாள் அவளுடைய டீச்சர் போன் செய்தார். செலின் டீச்சர். கோபமான குரல். "சார், அவங்க வீட்ல ஒரு நாற்காலி கிடையாது. நீங்க பாத்ததெல்லாம் தெருவுல கேட்டு வாங்கி வச்சது."

"டீச்சர், நான் போனப்ப அதெல்லாம் அங்க இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு. ஆனா..."

"அப்ப சரி" என்றேன்.

"நான் தலையால அடிச்சுச் சொன்னேன் சார், வீடு இருக்கிறபடி இருக்கட்டும்னு. பிள்ளையும் சொல்லியிருக்கா. அந்த மனுசன் கேக்கல. காலேஜ்லேர்ந்து வீடு பாக்க வர்றாங்கன்னு அவருக்குக் காதுல விழுந்தது அவ்வளவுதான். பொண்ணு பாக்க வர்ற மாதிரி நினைச்சுக்கிட்டாரு. நல்ல குடும்பமான்னு பாத்துட்டுத்தான் எடுப்பாங்கன்னு. 'வீட்டுக்கு வர்ற மனுசன்கிட்ட இல்லாததையா காட்டுறது'ன்னு கேட்டாராம்."

இப்போது விடை தெரிந்துவிட்டதா? ம். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

முப்பத்தொரு வருஷத்துக்கு மேலாக வீடுகளுக்குள் போய் வருகிறேன், பொருளை ஒளித்த வீடு ஆயிரம் பார்த்திருக்கிறேன். பொருளை இரவல் வாங்கி வைத்த வீடு அது ஒன்றுதான். யாராவது எதிர்பார்ப்பார்களா? அதுவும் தன் பெண்ணின் மதிப்பெண்ணைத் தானே குறைத்துக்கொள்கிற மாதிரி! எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. எனக்கு ஆப்பிள் கொடுத்தார்களே, அதுவும் சேர்த்துத்தான் அந்த வேஷம்.

ஆனாலும் எனக்கு இரக்கம் உண்டு, தம்பி. ஒரு வாரத்தில் பன்னிரண்டு பேரில் ஒரு பையன் மருத்துவம் கிடைத்துப் போய்விட்டான். ஓர் இடம் காலி. காத்திருப்போர் பட்டியலில் முதலில் எண்பத்திரண்டு வாங்கிய ஒருவன், அப்புறம் நம் பெண். கல்லூரி ஆபீஸில் மேலாளர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "கணக்கில் பிழை என்று நீங்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் மாற்றிவிடலாம். இல்லையென்றால் அந்தக் குடும்பம் எழுதித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிவரை நேரம்."

கணக்கில் பிழை இல்லையே. இல்லாத பிழையை நான் எப்படி எழுதுவது? அதனால் இரண்டாவது வழிதான். அந்தக் குடும்பம் எழுத வேண்டிய கடிதத்தை நானே எழுதினேன். அவர்களுக்கு எழுத வராது பாருங்கள். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். புதன்கிழமை காலை என் சொந்தச் செலவில் வடக்குமேட்டுக்குப் போனேன்.

சொல்லாமல் போனதால் சுடலைக்கண்ணு பனியனோடு இருந்தார். சூளைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார். "கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லியிருக்கப்படாதா சார்" என்று சொல்லிக்கொண்டே பக்கத்து வீட்டைப் பார்த்து, "யக்கா, அந்த நாற்காலிய எடு" என்று கத்தினார். வந்தது. சிவப்பு. நான் முதல் தடவை உட்கார்ந்த அதே சிவப்பு.

வீடு வெறும் வீடு. டி.வி. இருந்த பெட்டியின் மேல் அவளுடைய புத்தகங்கள். அந்த அம்மா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தவர் எழுந்து உள்ளே போனார். காப்பி வந்தது. டம்ளரின் ஓரம் நசுங்கியிருந்தது. திருப்பிப் பார்த்தேன், பெயர் எதுவும் வெட்டவில்லை.

சுடலைக்கண்ணுவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் கடிதத்தைப் பெண்ணிடம்தான் கொடுத்தேன். "இதை நீ படிச்சுப்பாரு. அப்புறம் சத்தமா வாசிச்சு அப்பாகிட்ட கைநாட்டு வாங்கு. வாசிச்சுக் காட்டினதுக்கு அடியில நீ ஒரு கையெழுத்துப் போடணும், அதுதான் முறை. பாத்திரத்துல பேரு இருந்த மூணு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கணும். நான் காத்திருக்கேன்."

என்ன எழுதியிருந்தேன் என்றால்: 'ஆய்வு நாளன்று எங்கள் வீட்டில் இருந்த பொருள்கள் எங்களுடையவை அல்ல. அவற்றை இரவல் வாங்கி வைத்து, வந்த ஆய்வாளரிடம் நானும் என் மனைவியும் பொய்யான தோற்றம் காட்டினோம். எங்கள் பொய்க்கு வருந்தி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.' மூன்றே வாக்கியம். இதைவிடச் சுருக்கமாக யாராலும் எழுத முடியாது.

அவள் நின்றபடியே படித்தாள். இரண்டு தடவை படித்தாள் என்று நினைக்கிறேன், கண் மேலே போய்த் திரும்பக் கீழே வந்தது. பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"பொய் சொன்னது நான்னு எழுதலாமா சார்? டி.வி. பாப்பேன்னு நான்தான சொன்னேன்."

"கூடாதும்மா. மாணவர் பொய் சொன்னதா வந்தா இடமே கிடையாது. பெற்றோர்னா பரவாயில்லை."

"பொய்ங்கிற சொல்ல மட்டும் எடுத்துரலாமா?"

"எடுத்தா, பிழை யாருடையதுன்னு கேள்வி வரும்."

அவள் கடிதத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். "சார், நீங்க கரண்டு ஆபீஸ்ல இருந்தவங்கன்னு டீச்சர் சொன்னாங்க."

"ஆமா. முப்பத்தொரு வருஷம்."

"அட்டை அங்கனதான் சார் தொங்குது. அன்னைக்கும் தொங்குச்சு."

திரும்பிப் பார்த்தேன். மின்கணக்கு அட்டை. நான் முதல் தடவை உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டினால் எட்டும். எடுத்துப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு முப்பத்தாறு யூனிட். அதற்கு முந்தைய கணக்கு முப்பத்து நான்கு. ஒரு குண்டு பல்புக்கும் ஒரு டியூப்லைட்டுக்கும் சரியாக இருக்கும். அந்த மின்விசிறியும் டி.வி.யும் ஓடுகிற வீட்டில் அப்படி வரவே வராது, அதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும்.

அவள் சொன்னது சரிதான். ஆனால் படிவத்தில் அட்டைக்கு இடமில்லை, தம்பி. கூரை உண்டு, நிலம் உண்டு, பொருள் உண்டு, உணவு உண்டு. அட்டை என்று ஒரு கட்டம் கிடையாது. கட்டம் இல்லாததை நான் எங்கே போய் எழுதுவேன்? அதைத்தான் அவளிடமும் சொன்னேன், பொறுமையாக.

"சரி சார்" என்றாள்.

அதற்குள் சுடலைக்கண்ணு சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். பித்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தார். மகள் கையில் காகிதத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. இடம் கிடைக்கவில்லை என்று அதற்கு முன்னாலேயே தெரியும் அவருக்கு. இருந்தாலும் நான் மறுபடி வந்திருக்கிறேனே, அதனால் ஏதோ நல்லது என்று நினைத்திருப்பார். வாசலில் பக்கத்து வீட்டு அம்மா நாற்காலிக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அவர்தான் மரகதமாக இருக்க வேண்டும்.

"சார் என்ன எழுதியிருக்காரு தாயி? வாசி, கேப்போம்."

அந்தப் பெண் காகிதத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். வாசிக்கிற மாதிரியே சொன்னாள்: "நம்ம வீடு நல்ல வீடுன்னு எழுதியிருக்காருப்பா. வந்தவங்கள நல்லா கவனிச்சோம்னு எழுதியிருக்காரு. இடம் இந்த வருசம் நெறஞ்சு போச்சாம்."

"பாத்தியா, நான் சொல்லல!" என்றார் அவர் மனைவியைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பி இரண்டு கையையும் கூப்பினார். "இதச் சொல்லதுக்கா சார் இவ்வளவு தொலவு வந்திய?"

நான் அப்படி எழுதவே இல்லை, தம்பி! ஒரு வார்த்தைகூட இல்லை. அவ்வளவு சரளமாக அந்தப் பெண் பொய் சொல்வாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற மனிதனிடம் என்ன சொல்வது? கடிதத்தை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன். இரண்டு நாள் இருக்கிறது, யோசித்துப் போடட்டும் என்று. தபால் உறையும் கொடுத்தேன், என் செலவில்.

இதோ புளியங்குடி வந்துவிட்டது. இன்றைக்கு இங்கே ஒரு வீடு. தேர்வில் ஐம்பத்தொன்று வாங்கிய பையன், அப்பா இல்லை. படிவம் இந்த வருஷமும் பழைய படிவம்தான், கட்டம் எதுவும் கூட்டவில்லை. போகிற வீட்டில் அட்டை தொங்கினால் பார்ப்பேனா என்று கேட்கிறீர்களா? பார்ப்பேன். பார்க்காமல் இருக்க முடிகிறதா? பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிவிடுவேன். அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள்.

அந்தப் பெண்ணா? வெள்ளிக்கிழமை ஐந்து மணிவரை நான் கல்லூரி ஆபீஸிலேயே உட்கார்ந்திருந்தேன். ஐந்தரை வரைகூட இருந்தேன். கடிதம் வரவில்லை. எண்பத்திரண்டு வாங்கிய பையனுக்கு இடத்தைக் கொடுத்தார்கள். உலகேஸ்வரி சனிக்கிழமை தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துகொண்டாள்.